ஜமீன் உயரம்

பழைய ஜமீன் வீடு ஒன்று தங்கும் விடுதியாயிற்று. வந்தவர் தலையெல்லாம் வாசல் நிலையில் இடித்ததால், அதை அறுத்தெறிய ஆசாரியை வரச்சொன்னார் முதலாளி தாண்டவராயர்.

"நாளைக்கு நான் அடுப்புக்குள்ளடா, பல்லி!" என்று அழுதது நிலை.

"சும்மா இருங்க அண்ணே, நான் பேசிக்கறேன்," என்றது அதன் இடுக்கில் குடியிருந்த பல்லி.

அப்போதே ஒருவர் இடித்துக்கொண்டு, "ஐயோ!" என்றார்.

"கொடுத்துவச்சவர் ஐயா நீங்க! இந்த வீட்டு ஜமீன்தார் அத்தனை பேரும் இங்கதான் இடிச்சுக்கிட்டாங்க. உங்களுக்கும் ஜமீன் உயரம்!" என்றது பல்லி.

வலி பறந்தே போயிற்று. சேதி பரவியதும், மற்ற விருந்தாளிகள் நுனிக்காலில் வந்து இடித்துக்கொண்டார்கள். நம்பினால் நம்புங்கள், சாயங்காலத்துக்குள் விடுதியில் வீங்காத நெற்றி ஒன்றுதான் மிச்சம். அது தாண்டவராயருடையது, மனிதர் ரொம்பக் கட்டை.

மறுநாள் ஆசாரி ரம்பத்தோடு வந்தார். தாண்டவராயர் நிலையை அண்ணாந்து பார்த்தார்.

"ரம்பம் கிடக்கட்டும், ஆசாரி," என்றார் மெதுவாக. "நான் ஏறி நிக்க ஒரு முக்காலி செஞ்சு குடுங்க."