முகம் விழாத படம்

சிவப்பு விளக்கைப் போட்டுத் தொலைத்துவிட்டார்கள்.

அவன் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பல்லைக் கடித்தான். சிவப்பில் எந்தப் பிள்ளைக்கும் மூக்கு முழி தெரியாது. வெளிச்சம் கூட்ட ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் ரவை ரவையாய்ப் பொரியும். ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் ஆடுகிற கை காலெல்லாம் புகையாகிவிடும். ஃப்ளாஷ் போடலாமென்றால், பிள்ளைகள் கண் கூசி மேடையிலிருந்து விழுந்துவிடுவார்களாம். தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெளியே மூன்று மணி வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

பள்ளி ஆண்டு விழா மேடையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் கோலாட்டம்.

எட்டுப் பேருக்குப் பழக்கிய ஆட்டம். ஏழு பேர் ஆடினார்கள்.

எட்டாவது பிள்ளை தர்ஷிகா. ஒத்திகை பாதியில் இருந்தபோது காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுக்குப் பதிலாக வேறு பிள்ளையைச் சேர்க்க மற்ற ஏழு பேரும் ஒப்பவில்லை. அவள் இடத்தை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஆடினார்கள்.

தர்ஷிகாவின் அம்மா செல்லக்கனி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். ஆட்டம் தொடங்குமுன் வந்து அவள் சொன்னது இவ்வளவுதான்.

“போன வருசம் நீங்க எடுத்ததுல அவ முகமே விழல தம்பி. இந்தத் தடவ அவ நிக்கிற எடத்தயாவது தெளிவா எடுத்துத் தாங்க.”

செருப்பால் அடித்தது போலிருந்தது அவனுக்கு. போன வருடமும் இதே பாழாய்ப்போன சிவப்புதான். பாவாடை விழுந்திருந்தது, கோல் விழுந்திருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல். அவள் மேடையேறி ஆடியதற்கு அது ஒன்றுதான் படம்.

காலி இடத்துக்குக் குறிவைத்தான்.

முகத்தைக் கண்டால் இந்தக் காமிரா தானாகவே அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும். இத்தனை நேரமும் ஒரு பிள்ளையின் முகத்தையும் பிடிக்க வக்கில்லாமல் திணறிக்கொண்டிருந்தது.

கட்டம் விழுந்தது.

காலி இடத்தில்.

இருட்டில் இப்படிக் கோளாறு பண்ணும், தெரிந்ததுதான். காமிராவை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டான்.

மறுபடியும் அங்கேயேதான்.

பிள்ளைகள் குனிந்தார்கள். கட்டமும் குனிந்தது. பிள்ளைகள் சுற்றினார்கள். மற்றவர்கள் முதுகைக் காட்டும்போது கட்டம் மறைந்தது. முன்னால் திரும்பும்போது வந்தது. ஒரு தாளம்கூடத் தப்பவில்லை.

தர்ஷிகாவுக்கு ஜோடியாக இருந்த பிள்ளை வெறும் காற்றில் கோலை வீசினாள்.

கோல் பாதியில் பட்டு நின்றது.

அந்தப் பிள்ளை திடுக்கிடவில்லை. அடுத்த அடிக்குக் கையை ஓங்கினாள்.

அட, அமுக்கித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். விரல் அசையவில்லை. பயம்தான், வேறென்ன.

பாட்டு முடிந்தது. விளக்குகளை மொத்தமாக அணைத்தார்கள். கைதட்டலுக்கு நடுவே ஏழு பிள்ளைகளும் தடதடவென்று உள்ளே ஓடுவது கேட்டது.

காமிராவுக்குள் ஒரே கறுப்பு. அதில் கட்டம் மட்டும் நின்றது.

பிறகு பெரிதாகத் தொடங்கியது.

முகம் கிட்டே வந்தால்தான் கட்டம் பெரிதாகும்.

மேடை நடுவிலிருந்து விளிம்புக்கு. விளிம்பிலிருந்து படிக்கு. நகத்தளவு இருந்தது தீப்பெட்டியளவு ஆனது. கடைசியில் கறுப்பு முழுக்க அதுவே நிறைந்தது.

மூச்சு படுகிற தூரம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினான்.

விளக்கு வந்தது. முன்னால் யாருமில்லை. படத்தைப் போட்டுப் பார்த்தான். அட்டைக் கறுப்பு. இந்த வருடமும் போச்சு. எந்த முகத்தோடு இதைக் கொடுப்பது?

அழிக்கப் போன கையைச் செல்லக்கனி பிடித்துக்கொண்டாள். காமிராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

வெகுநேரம் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

“முன்பல்லு விழுந்திருக்கு, வாயத் தொறக்காமச் சிரின்னு சொல்லித்தான் அனுப்புனேன்” என்றாள். “கேக்காளா பாருங்க.”

அவன் இன்னொரு தடவை பார்த்தான். கறுப்புதான்.

பையிலிருந்து ஆர்டர் நோட்டை எடுத்தான்.

“என்ன சைஸ்ல போடட்டும்க்கா?”