இருபத்துநாலு வரைக்கும்

அவள் பிள்ளையை எடுத்து முந்தானைக்குள் மறைத்தாள்.

யாரும் பார்க்கவில்லை.

காலை ஒன்பதரை. ஜவுளிக்கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. வாசலில் வைத்த குடிலுக்குள் மாதாவும் சூசையப்பரும் இப்போது வெறும் வைக்கோலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கிறிஸ்மஸ் தாத்தா, கரண்டு தயவில் இடுப்பை ஆட்டிக்கொண்டு. ஸ்பீக்கரில் யாரோ பனியைப் பற்றி இங்கிலீஷில் பாடினார்கள். வெளியே நாகர்கோவில் வெயில்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை.

முதல் இரண்டும் குழந்தைகள் பிரிவில், அவள் நிற்கும் மேசையின் அடி இழுப்பறையில் படுத்திருக்கின்றன. அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், பனியன் துணி போர்த்தி.

அவள் கடற்கரை ஊர்க்காரி. அங்கே டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு குடில் கட்டுவார்கள். ஆடு இருக்கும். மாடு இருக்கும். இடையன் இருப்பான். பிள்ளை மட்டும் இருக்காது. இருபத்துநாலாம் தேதி ராத்திரிப் பூசையில் மணி அடித்த பிறகுதான் கிடத்துவார்கள்.

அதுவரை வைக்கோல் காலியாகத்தான் கிடக்க வேண்டும். பிறக்காத பிள்ளையை எங்கிருந்து கொண்டுவந்து கிடத்துவது?

முதலாளி பிறவிப்பெருமாளுக்கு இந்த முறையெல்லாம் ஒத்துவராது. ஒன்றாம் தேதி காலையிலேயே கிடத்திவிட்டார். அது காணாமல் போனதும் இன்னொன்று வாங்கினார். காலி இடத்தைப் பார்க்கிறவன் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று எதிர்க்கடைக்குப் போய்விடுவான். இது அவர் அப்பா காலத்துப் பாடம். இரண்டாவதும் போயிற்று. கடையில் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். அவளை மட்டும் கேட்கவில்லை. வேதக்காரி, தன் சாமியையா திருடப்போகிறாள்?

மூன்றாவதற்குக் கடைக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. கோகுலாஷ்டமிக்கு வைத்த தவழும் கண்ணனைப் பரணிலிருந்து இறக்கினார். மயிலிறகைப் பிடுங்கினார். வெண்ணெய்க் கையை வைக்கோலுக்குள் புதைத்தார். பிள்ளை என்றால் பிள்ளைதானே. துணி எடுக்க வருகிறவன் முகத்தையா பார்ப்பான்?

யார் பெற்ற பிள்ளையானாலும் இன்னும் நேரம் ஆகவில்லை.

அவளுக்கு நேரம்தான் முக்கியம்.

நவம்பர் கடைசியில் புயல் அடித்தது. அவள் ஊரிலிருந்து கடலுக்குப் போன பதினோரு பேர் திரும்பவில்லை. அதில் ஒருவன் கிளீட்டஸ், அவள் புருஷன். தேடப்போன கப்பல்கள்கூடப் பத்து நாளில் திரும்பிவிட்டன. அடக்கப்பூசை வைத்துவிடலாமா என்று பங்குச்சாமியார் கேட்டபோது, பத்து வீடு தலையாட்டியது. அவள் ஆட்டவில்லை. இது காத்திருக்கிற மாசம் என்று நீங்கதானே சாமி பிரசங்கம் வைத்தீர்கள் என்றாள்.

சரி, இருபத்துநாலு வரைக்கும் என்றார்.

அன்றிலிருந்து அவள் குடிலுக்குக் காவல். வைக்கோல் காலியாக இருக்கிறவரை காத்திருக்கலாம். அதற்கு யாரும் பைத்தியம் என்று பெயர் வைக்க முடியாது.

இன்றைக்கு இருபத்துநாலு.

மத்தியானம் வாசலில் வேன் வந்து நின்றது. கரும்புக் கட்டு இறங்கியது. பின்னாலேயே தெர்மகோல் பொங்கல் பானை. முதலாளி குடிலைப் பிரிக்கச் சொன்னார்.

அவள் கிட்டே போனாள். தலையில் கடை கொடுத்த சிவப்புத் தொப்பி. இன்றைக்கு ராத்திரிதான் கிறிஸ்மஸ், இன்னும் ஆகவில்லை என்று தணிந்த குரலில் சொன்னாள்.

“கடைசி நாளு வாறவன் குடிலைப் பாத்தா வாறான், பிள்ளே? அவனுக்கு வேற போக்கு இல்ல, தானா வருவான். எதிர்க்கடைக்காரன் நேத்தே பானை வச்சுட்டான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வியாபாரத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும்.

மாதாவை ஒருவன் தலைகீழாகத் தூக்கிப்போனான். சூசையப்பர் பழைய பேப்பருக்குள் போனார். தாத்தாவின் தாடியைக் கழற்றி, தொப்பிக்குப் பதில் முண்டாசு கட்டினார்கள். அதே இடுப்பாட்டம் உழவனுக்கும் பொருந்திவிட்டது.

வைக்கோலை மட்டும் விட்டுவைத்தார்கள். அது பொங்கலுக்கும் ஆகும்.

ஒருவரும் பிள்ளையைத் தேடவில்லை.

அவள் காலி இடத்தைப் பார்த்தாள். காலி இடமே இல்லை. பானை உட்கார்ந்திருந்தது.

பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மாடியேறி ஆண்கள் பிரிவுக்குப் போனாள்.

அங்கே நிற்கிற தாணு அண்ணன்தான் வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு கிளீட்டஸின் சட்டையை எடுத்துக் கொடுப்பார். அளவு சொல்ல வேண்டியதில்லை. புயலுக்குப் பிறகு அவள் பக்கம் அவர் கண்ணைத் திருப்பியதே இல்லை.

நாற்பத்திரண்டு என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆளு வந்தாச்சா?”

இல்லை என்று தலையசைத்தாள். நாளை மறுநாள் அடக்கப்பூசை. பதினோரு பெட்டி. உடம்பு இல்லாததால் ஆளுக்கு ஒரு உடுப்பு கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் சாமியார். வீட்டில் கொடியில் கிடக்கிற சட்டை இன்னும் துவைக்காதது. அதை அவள் மண்ணுக்குக் கொடுக்க மாட்டாள்.

இவ்வளவையும் சொன்னாள், யாரோ ஒருவருக்குத் துணி எடுக்க வந்தவள்போல.

தாணு அண்ணன் நீலக் கட்டம் போட்டது ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கவருக்குள் போடக் கை நீட்டினார்.

அவள் விடவில்லை. காலரில் ஒன்று, கையில் இரண்டு, முதுகில் ஒன்று என்று மடிப்புக்குள் விரலை விட்டுத் தேடித் தேடி, குண்டூசிகளை உருவி எடுத்தாள்.

“குத்தும்” என்றாள்.