விளிம்பு வரை

“என் கோப்பைய எங்க வச்ச, கார்லா?”

“எனக்கென்ன தெரியும்? கால் முளைச்சு கடலுக்குப் போயிருக்கும்.”

ரெய்னோ சிரித்தான். கன்னம் ஒத்துழைக்கவில்லை, கண் மட்டும் சிரித்தது. நண்டுக் கூண்டுகளைத் தனியாளாகப் படகில் ஏற்றிய கைகள் மடியில் கிடந்தன. தசைகளைத் தின்னும் நோய். இடது கை ஏற்கெனவே செயலிழந்துவிட்டது.

கோப்பை மாவு டப்பாவுக்குள் இருந்தது. ஒளித்தவள் கார்லாதான்.

அலமாரியின் மேல்தட்டில் மருந்து இருந்தது. உயிரை முடித்துக்கொள்ள ஓரிகன் மாநிலச் சட்டப்படி வாங்கியது. அவனே தன் கையால் எடுத்துக் குடிக்க வேண்டும். வேறு யாரும் புகட்டக் கூடாது. அதனால்தானே, இறுதிக்காலப் பராமரிப்பு நர்ஸ் மரிசெல் வரும்போதெல்லாம் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கிப் பழகுகிறான்? அந்த நேரத்தில் கார்லா வெளியே போய் ஆற்றைப் பார்த்து நிற்பாள். அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லை.

இன்று அவள் நகரவில்லை. மரிசெல் பையைக் கீழே வைத்ததும் கார்லா கேட்டாள்.

“வலிக்கு மருந்து குடுக்கிறீங்க, குளிப்பாட்டி விடுறீங்க. சரி. சாகறதுக்கும் பாடம் எடுக்கணுமா?”

மரிசெல் கோபப்படவில்லை. “குடிங்கன்னும் சொல்ல மாட்டேன், வேணாம்னும் சொல்ல மாட்டேன். அவர் கேட்டதுக்கு உதவுறேன். என்ன கேட்டார்னு நீங்க ஒரு தடவைகூட விசாரிக்கலையே.”

கார்லா கணவனைப் பார்த்தாள். அவன் வார்த்தைகளைத் தேடி எடுக்க நேரமாகும். ஜன்னலுக்கு வெளியே, மழைக்குள் ஒரு சரக்குக் கப்பல் மெல்லப் பாலத்தைக் கடந்து போனது.

“இந்தக் கையும் போயிட்டா குடிக்க முடியாது,” என்றான் ரெய்னோ. “அதுக்கு முன்னாடியே குடிச்சாகணும். கோடையிலயே குடிச்சிருக்கணும்.”

“அப்புறம் ஏன் குடிக்கல?”

“கோப்பையத் தூக்க முடியுற வரைக்கும்... இன்னிக்கு வேணாம்னு சொல்லலாம்ல.”

சாகும் நாளைத் தள்ளிப்போடத்தான் அவன் பழகியிருக்கிறான். கார்லா எழுந்துபோய் மாவு டப்பாவைத் திறந்தாள். கோப்பையைக் கழுவி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அவனுடைய வலது கையருகே வைத்தாள்.

“தூக்கு,” என்றாள். “நான் பார்க்கிறேன்.”