புளி உறுமியது

"ஒரு காட்டுல ஒரு புளி இருந்துச்சாம். ரொம்பப் பெரிய புளியாம். அது உர்ருனு உறுமுச்சாம்."

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புளி இல்லப்பா! புலி, புலி!" தங்கை மகள் கட்டிலில் குதிக்கும் சத்தம்.

"அப்படியா? சரி, புலி. அதைப் பார்த்த குரங்கு, வாளைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சாம்."

"ஐயோ அப்பா! குரங்குக்கு ஏது வாள்? அது வால்!"

அப்புறம் ஒரே சிரிப்பு. கையகலப் படப் புத்தகம். ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் இத்தனை கலாட்டா.

பெரியம்மா வானொலியில் செய்தி வாசிப்பவள். அவள் வாயால் 'ழ' கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்தி கேட்கிறவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்டவள், தங்கை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தால் காதில் விழுவது இது!

நேரே சமையலறைக்குப் போனாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்காரர் மருந்துக் கடைதானே வச்சிருக்கார்? டாக்டர் கிறுக்கினதையெல்லாம் படிக்கிற மனுஷனுக்கு, கொட்டை எழுத்துல போட்ட குழந்தைப் புத்தகம் படிக்க வரலையா? ஒரு பக்கம் கேட்டதுக்கே காது புளிச்சுப் போச்சு."

"புளிச்சுதா, புலிச்சுதா?" தங்கை சிரித்தாள். "விடுக்கா. தினமும் நடக்கறதுதான்."

"எதை விடுறது? குழந்தை ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டேங்கறான்னு நீதானே போன்ல அழுத? இப்படித் தப்புத் தப்பாக் கேட்டு வளர்ந்தா அவ எப்படிடி வாயைத் திறப்பா?"

தங்கை என்னவோ சொல்ல வந்தாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது.

மறுநாள் காலை, வாலு சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். வீட்டில் குழந்தைக்கு அதுதான் பெயர்.

"பெரிம்மா, எனக்கு ஒரு பயம் குடுங்க."

"பயம் இல்லடா கண்ணு, பழம். நாக்கை மேல மடி. உள்ளே இழு. ப-ழ-ம். எங்கே, சொல்லு பார்ப்போம்?"

வாலு சொல்லவில்லை. பழமே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று பெரியம்மா எது கேட்டாலும் தலையாட்டல்தான் பதில்.

பெரியம்மா விடுகிற ஆள் இல்லை. படுக்கிற நேரம் பார்த்துப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு நான் படிக்கறேன். அப்பாவுக்கு லீவு."

படித்தாள். ஒரு பிசிறு கிடையாது. புலி புலியாகவே உறுமியது. குரங்கு வாலை வாலாகவே ஆட்டியது. இத்துடன் செய்திகள் முடிவடைந்தன என்று சொல்லாததுதான் பாக்கி. வாலு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சிரிக்கவும் இல்லை, தூங்கவும் இல்லை.

"என்னடா, நல்லா இல்லையா?"

"நீங்க தப்பே விடல," என்று சுவரிடம் முணுமுணுத்தாள் வாலு. "நான் என்ன சொல்றது?"

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து தங்கை கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே உங்களுக்குப் படிக்க வராதா?"

அவர் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"ஸ்கூல் சேர்ந்த புதுசுல, டீச்சர்கிட்ட 'எனக்குப் பயம் வேணும்'னு கேட்டிருக்கா அக்கா. வகுப்பே கைகொட்டிச் சிரிச்சிருக்கு. அதுலேர்ந்து வீட்டுலகூட வாயைத் திறக்கல. ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல நான் 'புளி'ன்னு படிச்சுத் தொலைச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, 'புலிப்பா'ன்னா. எத்தனை நாள் கழிச்சு அவ குரலைக் கேட்டோம் தெரியுமா? அன்னிலேர்ந்து நம்ம வீட்டுல புளிதான் உறுமுது. அப்பனே தப்பு விட்டா, தப்பு விடுறது ஒண்ணும் பெரிய குத்தம் இல்லன்னு அவளுக்குத் தெரியும்ல?"

காலையில் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்த அந்த 'ப-ழ-ம்' இப்போது பெரியம்மாவின் நெஞ்சில் குத்தியது.

அடுத்த நாளும் புத்தகத்தை அவளே எடுத்தாள். வாலு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குரங்கு மரத்துல ஏறி, ஒரு பெரிய பலத்தைப் பறிச்சுதாம்."

சட்டென்று வந்துவிடவில்லை அது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகிய தப்பு.

வாலு மெல்லத் திரும்பினாள். "எதைப் பறிச்சுது?"

"பலத்தை. பலம்னுதானே போட்டிருக்கு?"

வாலு எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் பல்.

"பலம் இல்ல பெரிம்மா! நாக்கை மேல மடிங்க. உள்ளே இழுங்க. இதோ, என்னைப் பாருங்க. ப... ப... பழம்!"

கணீரென்று விழுந்தது 'ழ'. செய்தியில்கூட அப்படி ஒரு 'ழ' வந்ததில்லை. வாசற்படியில் நின்றிருந்த தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கே, சொல்லுங்க பார்ப்போம்?" என்றாள் வாலு.

பெரியம்மா நாக்கை மேலே மடித்தாள், உள்ளே இழுத்தாள். "பலம்," என்றாள் மறுபடியும்.

வாலு கட்டிலிலிருந்து குதித்து, அப்பாவிடம் ஓடிப்போய் ரகசியம் சொன்னாள். வீடு முழுக்கக் கேட்டது அந்த ரகசியம்.

"அப்பா, பெரிம்மாவுக்குப் பழம் சொல்ல வரலப்பா. பாவம். யாரும் சிரிச்சுடாதீங்க!"