சத்தம் போடாதவன்

"மெதுவா பேசு நெனி, அது தூங்கு—"

"தூங்கட்டுமே! நான் என்ன அதுக்குத் தாலாட்டுப் பாடவா வந்தேன்? நாலு மணிக்கு எனக்குக் கப்பல்—"

"கப்பலெல்லாம் சரி, குரலைக் கொஞ்சம் இறக்கு, உனக்குப் புண்ணியமாப் போகும்—"

"பதினோரு வருஷமா இறக்கி இறக்கித் தொண்டையே தூர்ந்து போச்சுய்யா!"

இத்தனையும் கிசுகிசுப்பில். நெனிதாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, முகம் சிவந்திருந்தது, சத்தம் மட்டும் இலை உரசுகிற அளவுதான். போஹோல் தீவின் அந்தக் காட்டுக்குள் அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. அவள் புருஷன் சிரிலோவுக்கு அங்கே வேலையே அதுதான். விடியலில் காட்டுக்குள் போய், குட்டித் தேவாங்கு எந்தக் கிளையில் வந்து ஒடுங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பொழுது சாயும்வரை, பார்க்க வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்து அடக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பிராணி, பாதி உடம்பு கண்ணும் காதும்தான். ஓர் அதட்டல் கேட்டால் போதும், பயத்திலேயே உயிரை விட்டுவிடும். மலையின் இந்தப் பக்கத்தில் மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

நெனிதா ஒரு மாதமாக லோபோக் ஊரில் அக்கா வீட்டில் இருந்தாள். அங்கே ஆற்றில் மிதக்கிற சாப்பாட்டுப் படகில் சமையல் வேலை. இப்போது பக்கத்துத் தீவான செபுவில் ஓர் ஓட்டல் கூப்பிட்டிருக்கிறது. தோளில் துணிப்பை. கையில், தேங்காய்ச் சிரட்டைக்குள் அடைத்துச் சிவப்புத் தாள் ஒட்டிய கலாமாய் இனிப்பு. விடைபெற வந்ததாகத்தான் காட்டு வாசலில் சொன்னாள். 'போகாதே' என்று அவன் ஒரு தடவை சொன்னால் போதும், பையோடு நேராக வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் அதை அவளே கேட்டு வாங்குவாளா?

"இந்தா, உனக்குப் பிடிச்சதுன்னு வாங்கினேன்."

"அங்க வை."

"காலையில ஏதாவது தின்னியா?"

"பசிக்கலை."

"கண்ணு ஏன் இப்படிச் செவந்து கெடக்கு?"

"தூக்கமில்லை."

"நான் போறதுக்கா? இல்ல, உன் தேவாங்குக்கு ஜலதோஷமா?"

பாதையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மணிலாவிலிருந்து ஒரு குடும்பம். காலையில் சாக்லேட் மலைகள் என்கிற பழுப்புக் குன்றுகளைப் பார்த்துவிட்டு, மதியம் ஆற்றுப் படகில் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். சிரிலோ கையை விரித்து அவர்களைத் தூரத்திலேயே நிறுத்தினான். உதட்டில் விரல் வைத்தான்.

"கொஞ்சம் கிட்ட போனா என்னப்பா?" என்றார் குடும்பத் தலைவர்.

"இன்னைக்கு வேணாம் சார். இங்கிருந்தே பாருங்க."

"கண்ணைத் திறக்குமா? கண்ணைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்."

"தூங்குறதை எழுப்பலாமா சார்?"

படம் எடுத்தார்கள். செருப்புச் சத்தம்கூட வராமல், கோயிலை விட்டு வெளியேறுகிறவர்களைப் போல அடி வைத்துப் போனார்கள்.

"அந்த மனுஷனுக்குச் சொன்ன பதில்ல பாதி எனக்குச் சொல்லியிருக்கியா?" நெனிதா மறுபடி தொடங்கினாள். "புயல்ல நம்ம வீட்டுக் கூரை பிச்சுக்கிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? ஊரே அலறுது. நீ என் காதுகிட்ட வந்து, 'நெனி, கூரை போயிடுச்சு'ன்னு ரகசியம் சொல்றே!"

"சொன்னேன்ல?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பாதியில் அது அழுகையாகத் திரும்பிக்கொண்டது.

"நேத்து சாயங்காலம் போன்ல, 'நாளைக்கு செபு போறேன், இனிமே வரமாட்டேன்'னேன். நீ என்ன சொன்னே? 'ம்.' அவ்வளவுதான். அதுவும் வெறும் காத்து. வேற என்ன செய்ய, வெச்சுட்டேன். போறது யாருய்யா? உன் பொண்டாட்டி! ஒரே ஒரு தடவை, என்னை ஒரு அதட்டல் போட்டிருந்தா நான் இந்தப் பையைத் தொட்டிருப்பேனா?"

அவன் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிளம்பு நெனி. கப்பல் போயிடும்."

"இது உன் வாயிலேர்ந்து வருதா?"

"இங்க இருந்து நீ என்ன சுகத்தைக் கண்டே? போ."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை.

"சிரிலோ!"

காடே அதிர்ந்தது. மேலே இரண்டு மூன்று பறவைகள் படபடத்துக் கிளம்பின. நெனிதா பதறி வாயைப் பொத்திக்கொண்டு கிளையைப் பார்த்தாள். அய்யோ, என்ன பாவம் செய்துவிட்டேன்!

தேவாங்கு துள்ளவில்லை. இலை விழுந்தால்கூடத் திரும்புகிற அந்தக் காதுகள் திரும்பவில்லை. கிளையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. அவள் இரண்டடி முன்னால் போனாள். அவன் தடுக்கவில்லை. அதன் இடுப்பைச் சுற்றிக் கறுப்பு நூல் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

"காலையில வந்தேன், கீழ கெடந்துச்சு," என்றான் சிரிலோ. அந்தக் காட்டுக்குள் அவன் முழுக்குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை. "அதுக்குள்ள வாசல்ல ஆளுங்க வந்துட்டாங்க. நான்தான் எடுத்துக் கட்டினேன்."

"யாருய்யா கத்தினது?" அவள் இன்னும் கிசுகிசுப்பாகவே கேட்டாள். "எந்தப் பாவி?"

"நேத்து நீ போனை வெச்சதும், 'போகாதே நெனி'ன்னு இந்த மரத்தடியிலதான் நின்னு கத்தினேன்."