ஒன்பது பைக்கும் ஒரு ரோடு ரோலரும்

"நசுக்கணும்! அப்பளமா நொறுக்கணும்!"

கமிஷன் கடை ஐயாத்துரை மேஜையில் அடித்த அடியில் இன்ஸ்பெக்டரின் டீ கிளாஸ் துள்ளியது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூட்டம். மதிலோரம் ஒன்பது பைக்குகள் புழுதி அப்பிக் கிடந்தன. பந்தல்குடி ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பந்தயம் ஓட்டிய வண்டிகள். நம்பர் பிளேட் கிடையாது. என்ஜின் நம்பரையும் அரம் போட்டு ராவியிருந்தார்கள்.

அதில் ஏதோ ஒன்றுதான், மாசி மாதம் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்த நல்லகண்ணுவைத் தூக்கி எறிந்தது. போலீஸ் ரோட்டை மறித்ததும், பையன்கள் வண்டிகளைக் கருவேலங்காட்டுக்குள் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். கேட்டு வர ஒருத்தனும் இல்லை. வந்தால் பதில் சொல்ல வேண்டுமே!

ஆளில்லாத வண்டிகளை என்ன செய்யலாம் என்று ஊராரைக் கேட்டு எழுதச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

நல்லகண்ணுவின் மனைவி செல்லக்கிளி கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியெல்லாம் பெரிய மனிதர்களுக்கு.

"ஏலம் விட்டுரலாமே?" என்றார் ஒருவர்.

"ஏலம் எடுக்கப் போறது யாரு? வண்டி வாங்கிக் குடுத்த அதே அப்பன்தான்! கழுவித் தொடைச்சு மறுபடி மகன் கையில குடுப்பான்." ஐயாத்துரை துண்டை உதறிப் போட்டார். "ஆளைக் கொல்றதுக்குச் செல்லம் குடுக்குற பயலுகய்யா அவனுக!"

நர்ஸம்மா ரெஜினா எழுந்தார். நரிக்குடிப் பக்கம் பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு நடந்தே போய்ப் பிரசவம் பார்க்கிறவர்.

"ரெண்டு வண்டியச் சரிபண்ணி எங்க ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா..."

"சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு நீங்க பறக்கப் போறீகளாக்கும்?" என்று குறுக்கே வெட்டினார் ஐயாத்துரை.

கூட்டம் சிரித்தது. "எங்க கம்பவுண்டரு ஓட்டுவாரு" என்று ரெஜினா சொன்னது யார் காதிலும் விழவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் பொறுக்கலாங்க. மதுரையிலருந்து ஆளு வரச் சொல்லியிருக்கு. ராவின நம்பரையும் படிச்சுருவாங்க. எது மோதுன வண்டின்னு..."

"மாசியில செத்தான். இப்ப ஆடி பொறந்தாச்சு. நீங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நல்லகண்ணு மறுபிறவி எடுத்து வந்து அவனே சாட்சி சொல்லிருவான் சார்!" என்றார் ஐயாத்துரை.

கொல்லென்று சிரிப்பு. இன்ஸ்பெக்டர் முகம் கறுத்தது.

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பேச்சு நியாயமாகப் பட்டது. இந்த ஸ்டேஷன் படியில் எத்தனை தடவை காத்துக் கிடந்திருப்பாள்! 'போயிட்டு அப்புறம் வா' என்பதைத் தவிர ஒரு வார்த்தை கேட்டதில்லை. தனக்காகக் கத்தவும் ஊரில் ஒரு மனுசர் இருக்கிறாரே என்று நெஞ்சு நெகிழ்ந்தது.

ஐயாத்துரை அவள் பக்கம் கையை நீட்டினார். "நாம ஆளாளுக்குப் பேசுறோம். பறிகுடுத்தவ அந்தா உக்காந்துருக்கா. அவளைக் கேளுங்க. நீ சொல்லு தாயி, நீ சொல்றதுதான் தீர்ப்பு."

எல்லாத் தலையும் திரும்பியது. புருஷன் போன பிறகு, உனக்கு என்ன வேணும் என்று அவளை யாரும் கேட்டதில்லை.

எழுந்து நின்றாள்.

"நசுக்கிருங்கய்யா. அந்தச் சத்தம் இனி எந்த வீட்டுக்கும் கேக்கக் கூடாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இன்ஸ்பெக்டர் அரைமனதாக எழுதி அனுப்பினார். மேலிடமும் சரியென்றது.

நசுக்கிய அன்று ஊரே திரண்டு வந்தது. வேடிக்கை பார்க்கப் பாளையம்பட்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. மைக் ஐயாத்துரை கையில்.

"பிள்ளை வளக்கத் தெரியாத தகப்பன்மாரே! ஒங்க வளப்பு நசுங்குறத வந்து பாருங்கடா!"

விசில் பறந்தது. ரோடு ரோலர் உறுமிக்கொண்டு ஏறியது. இரும்பு நொறுங்கும் சத்தத்தில் செல்லக்கிளி வாய்விட்டு அழுதாள். கொன்றவன் யாரென்று தெரியாவிட்டாலும், கொன்றது இதோ செத்துக்கொண்டிருக்கிறதே, அது போதும்.

கூட்டம் கலைந்ததும் ஐயாத்துரையைத் தேடினாள். காலில் விழுந்து ஒரு கும்பிடு போடாமல் ஊருக்குத் திரும்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"அந்தா, எஸ்.டி.டி. பூத்துல போன் பேசிக்கிட்டுருக்காக" என்றார் ஒரு கடைக்காரர்.

போனாள். கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து வைத்து, இவளுக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே போகக் கூடாது என்று, கூப்பிய கையோடு வெளியிலேயே நின்றாள்.

மைக்கில் கேட்ட குரலா அது! அவ்வளவு குழைவு.

"முகேசு, அப்பாதான்டா பேசுறேன். கோயமுத்தூர்ல அத்தை வீட்டுல ஒளிஞ்சு கெடந்தது போதும், கெளம்பி வா. ஒன் வண்டி சுக்குநூறாப் போச்சு. இனி மதுரைக்காரன் வந்து எதைத் தடவிப் பாப்பான்?... சேச்சே, என்னைய எவன்டா சந்தேகப்படுவான்? நசுக்கச் சொன்னதே செத்தவன் பொண்டாட்டிதான்!"