சித்திரையில் காட்டும் வீடு

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டி விலைக்கு வந்திருக்கும் வீட்டின் கூடத்தில் ஏகநாதன் நிற்கிறார். புதுச் சுண்ணாம்பின் வாடை மூக்கில் ஏறுகிறது. சித்திரை வெயிலில் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசுகிறது. உள்ளே நுழைந்ததும் புரோக்கர் துலுக்காணம் குழாயைத்தான் முதலில் திறந்துவிட்டார்; தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. "சர்க்கரை மாதிரி கீது, குடிச்சுப் பாருக்கா." ஏகநாதனின் மனைவி சரளா கையில் ஏந்திக் குடிக்கிறாள். வாடகை வீட்டின் அடிபம்போடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவள். "சாயங்காலமே அட்வான்ஸ் குடுத்துடலாங்க" என்கிறாள். ஏகநாதனுக்கு ஏதோ இடிக்கிறது. சுவிட்சுகள் எல்லாம் அவர் தலைக்கும் மேலே இருக்கின்றன. "ஏம்ப்பா இவ்ளோ உசரத்துல?" "கொயந்திங்க கை வெச்சிடும்னுதான் சார். ஓனரு ரொம்ப உஷாரு." வீட்டுக்காரருக்குக் குழந்தையே இல்லை என்று வழியில் சொன்னதும் இதே ஆள்தான். குழாயைத் திறந்துவிட்டதிலிருந்து அவர் பின்பக்க ஜன்னலை மறைத்துக்கொண்டே நிற்கிறார். ஏகநாதன் அவரை நகரச் சொல்லிக் கொக்கியை நீக்குகிறார். வெளியே ஏரி வறண்டு வெடித்துக் கிடக்கிறது, மாடுகள் மேய்கின்றன. பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் பெண் சரளாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். "வூடு வாங்கப் போறியாக்கா? கட்டிலை மட்டும் ஒசரமா வாங்கிக்கோ. ஐப்பசில அதும்மேலதான் சோறாக்கணும்." துலுக்காணம் வாயைத் திறப்பதற்குள் சரளா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கெஞ்சுகிற குரலில் கேட்கிறாள்: "ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சிடும்தானே?"